காமினோவுக்கு லீவு கொஞ்சம்தான்: எந்த ஊரிலிருந்து நடக்கத் தொடங்குவது?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு, 'காமினோ' எனப்படும் யாத்திரைப் பாதையில் நடந்து போக நினைப்பவர்கள் முதலில் முடிவு செய்வது புறப்படும் ஊரைத்தான். படத்தில் பார்த்த ஊர், நண்பர் போய் வந்த ஊர், வரைபடத்தில் முதலில் இருக்கும் ஊர் என்று ஏதோ ஒன்று மனதில் பதிந்துவிடும். பிறகு இருக்கிற நாட்களை அந்த ஊருக்கு ஏற்ப இழுத்துப் பிடிப்பார்கள். நாட்கள் இழுபடாது, கால்தான் இழுபடும்.

புறப்படும் ஊர் என்பது ஒரு கழித்தல் கணக்கின் விடை. அதைக் கடைசியில்தான் எழுத வேண்டும். எந்த வரிசையில் கணக்குப் போடுவது என்பது கீழே.

உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை நாள் லீவு என்ற உறுதியான எண். முதுகில் முழுப் பையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் நடந்து பார்த்த அனுபவம். 'கொம்போஸ்தெலா' எனப்படும் யாத்திரைச் சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்ற பதில். இந்த மூன்றில் இரண்டாவதைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். அது இல்லாமல் போடும் கணக்கு ஊகம்தான்.

1. லீவு நாளிலிருந்து நடை நாளைப் பிரித்தெடுங்கள்

14 நாள் லீவு என்றால் 14 நாள் நடை என்று எண்ணுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. வேறு கண்டத்திலிருந்து வருபவருக்கு அந்த 14 இப்படிக் கரையும்: போகும் விமானத்துக்கு 1, புறப்படும் ஊருக்குப் போய்ச் சேர 1, சாந்தியாகோவில் 1, திரும்பும் பயணத்துக்கு 1, கைகாவலுக்கு 1. மீதி 9.

சாந்தியாகோவுக்கு ஏன் தனியாக ஒரு நாள்? சான்றிதழுக்கு யாத்ரிகர் அலுவலகத்தில் காத்திருக்க நேரலாம். யாத்ரிகர்கள் பலரும் இருக்க விரும்பும் கதீட்ரல் பூசை நண்பகல் 12 மணிக்கு. கடைசிக் கட்டம், அதாவது கடைசி நாள் நடை, 20 கி.மீ. என்பதால், நடந்து வந்து அதே நாள் பூசையைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். அன்று மாலையே விமானம் என்று வைத்துக்கொண்டவர்கள் கடைசி இரண்டு நாளும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

கைகாவல் நாளை வெட்டத்தான் எல்லாருக்கும் கை வரும். வெட்டாதீர்கள். கொப்புளமோ வயிற்றுக் கோளாறோ முழங்கால் வீக்கமோ, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் நாளில்தான் வரும். ஒரு நாள் உட்கார இடம் இருந்தால் அது சின்ன விஷயம். இல்லாவிட்டால் யாத்திரையே அதோடு முடிந்துவிடலாம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எடுக்க வேண்டியவர்கள் இந்தக் கணக்கை முடித்த பிறகே விண்ணப்பிக்கட்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். போர்ச்சுகலில் தொடங்கினால் இரண்டு நாட்டிலும் எத்தனை நாள் என்று எண்ண வேண்டிவரும்.

2. இரண்டாம் நாள் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு நாள் 28 கி.மீ. நடந்து காட்ட நிறையப் பேரால் முடியும். மறுநாள் விடிந்ததும் அதே பாதத்தை அதே காலணிக்குள் விட்டு என்ன தூரம் போக முடிகிறது என்பதுதான் உங்கள் வேகம். சனி ஞாயிறு இரண்டு நாள், பயணத்தில் சுமக்கப்போகும் அதே பையோடு நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லாமல் முடித்த தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்கள் பிரிக்கும் கட்டங்கள் பெரும்பாலும் 20 முதல் 30 கி.மீ. வரை இருக்கும். பழகாதவருக்கு 20 நியாயமான சராசரி. அதிலும் முதல் இரண்டு நாளுக்கு 15 அல்லது 16 என்றே போடுங்கள். தோலும் தசைநாரும் சுமைக்குப் பழக அந்த இடைவெளி வேண்டும். மூச்சு இரண்டு நாளில் பழகிவிடும், பாதம் அவ்வளவு சீக்கிரம் பழகாது.

9 நடை நாளை 20-ஆல் பெருக்கினால் 180. முதல் இரண்டு நாளின் குறைவுக்காக 10 கழித்தால் 170. பின்னால் ஓரிரு நாள் நீளக் கட்டம் வந்தே தீரும் என்பதால் 160 முதல் 180 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

3. சாந்தியாகோவில் முடிக்க வேண்டுமா?

கேட்கவே தோன்றாத கேள்வி இது, ஆனால் முடிவையே மாற்றிவிடும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் விதி தெளிவானது: நடப்பவர்கள் குறைந்தது 100 கி.மீ., சைக்கிளில் போகிறவர்கள் 200 கி.மீ. பயணம் சாந்தியாகோவில் முடிய வேண்டும். 'கிரெடென்சியல்' எனப்படும் யாத்ரிகர் அட்டையில் கடைசி 100 கி.மீ.க்கு நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு முத்திரை விழுந்திருக்க வேண்டும். தங்கும் விடுதி, தேவாலயம், வழியிலுள்ள காப்பிக்கடை என்று எங்கும் முத்திரை கிடைக்கும். காலையில் ஒன்று, தங்குமிடத்தில் ஒன்று என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது.

சான்றிதழ் முக்கியமில்லை என்பவர்கள் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடித்தாலும் சரி. பிரான்ஸ் எல்லையிலுள்ள சென்-ஜான்-பியே-தெ-போரிலிருந்து லோக்ரோன்யோ வரை 8 அல்லது 9 நாள். பிரனீஸ் மலை, நவாரா, திராட்சைத் தோட்டங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வருகிற பலர் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். திரும்பவும் வருவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல வழி. தெரியாதவர்கள் சாந்தியாகோவில் முடிப்பதே மேல் என்பேன். பாதியில் நின்ற யாத்திரை மனதை அரித்துக்கொண்டே இருக்கும்.

4. சாந்தியாகோவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

காமினோ பிரான்சேஸ் எனும் முதன்மைப் பாதையில் தூரங்கள் ஏறத்தாழ இவை. வழிப் பிரிவுகளால் சில கி.மீ. கூடும் குறையும். நாட்கள் மேலே சொன்ன நிதான வேகத்துக்கானவை.

- சாரியா: 115 கி.மீ., 5 முதல் 6 நாள்
- ஓ செப்ரெய்ரோ: 155 கி.மீ., 7 முதல் 8 நாள்
- வில்லாஃப்ராங்கா தெல் பியெர்சோ: 180 கி.மீ., 9 நாள்
- போன்ஃபெராதா: 205 கி.மீ., 10 நாள்
- அஸ்தோர்கா: 260 கி.மீ., 12 முதல் 13 நாள்
- லியோன்: 310 கி.மீ., 14 முதல் 16 நாள்
- புர்கோஸ்: 490 கி.மீ., 23 முதல் 25 நாள்
- பாம்ப்லோனா: 710 கி.மீ., 32 முதல் 35 நாள்
- சென்-ஜான்-பியே-தெ-போர்: 780 கி.மீ., 34 முதல் 38 நாள்

உங்கள் எண்ணுக்கு அருகில் வரும் இரண்டு ஊர்களை மட்டும் குறியுங்கள். சந்தேகம் இருந்தால் சாந்தியாகோவுக்குப் பக்கத்து ஊரையே எடுங்கள். நாள் மிஞ்சினால் வழியில் ஒரு ஊரில் கூடுதலாகத் தங்கலாம். நாள் குறைந்தால் பஸ் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

5. குறித்த ஊரை மூன்று விதமாகச் சோதியுங்கள்

முதல் சோதனை, போய்ச் சேர முடியுமா. லியோனுக்கும் புர்கோஸுக்கும் தலைநகர் மத்ரீத்திலிருந்து அதிவேக ரயில் உண்டு. அஸ்தோர்கா, போன்ஃபெராதா, சாரியா மூன்றிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஓ செப்ரெய்ரோ மலைமேல் இருக்கும் சின்னக் கிராமம். பஸ் கீழே பெத்ராஃபிதா வரைதான், அங்கிருந்து 4 கி.மீ. மேலே ஏற வேண்டும் அல்லது டாக்சி பிடிக்க வேண்டும். சென்-ஜானுக்கு பிரான்ஸ் பக்கம் பயோன் நகரிலிருந்து சுமார் ஒரு மணி நேர ரயில். ஆனால் பயோன் வரை வருவதற்கே ஒரு நாள் போய்விடும். எட்டு நாள் லீவுக்காரர் அங்கே தொடங்கினால் போக்குவரத்திலேயே கால்வாசி போச்சு. கால அட்டவணை பார்க்கும்போது நீங்கள் போகும் கிழமையைப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் மிகவும் குறைவு.

இரண்டாவது, முதல் நாள் ஏற்றம். இதைத் தூரப் பட்டியல் சொல்லாது. சென்-ஜானில் தொடங்குபவர் முதல் நாளே சுமார் 1,250 மீட்டர் ஏறி ரோன்செஸ்வாயெஸில் இறங்க வேண்டும். 25 கி.மீ. என்று காகிதத்தில் சாதுவாகத் தெரியும், நடப்பவருக்கு எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். ஐந்து வாரம் உள்ளவர் அதைத் தாங்கி மறுநாள் குறைவாக நடக்கலாம். பத்து நாள் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. சுமார் 8 கி.மீ.யில் ஓரிசோன் விடுதி இருக்கிறது. முன்பதிவு செய்து அங்கே முதல் இரவு தங்கினால் ஏற்றம் இரண்டாகப் பிரியும்.

அஸ்தோர்கா இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும் ஊர். முதல் நாள் ரபனால் வரை 20 கி.மீ., மெதுவான ஏற்றம். அதையும் சாந்தா கதலீனாவில் பாதியாக வெட்டலாம். ஆனால் அதற்கடுத்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரும்புச் சிலுவையைத் தாண்டி மோலினாசெகாவுக்கு இறங்கும் கல் பாதை முழங்காலைப் பதம் பார்க்கும். ஏற்றத்துக்குப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இறக்கத்துக்குப் பயப்படுகிறவர் குறைவு. அடி வாங்குவது இறக்கத்தில்தான். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாஃப்ராங்காவில் தொடங்கினால் ஓ செப்ரெய்ரோ 28 கி.மீ., கடைசி 8 கி.மீ. செங்குத்து. பலர் இதை ஒரே நாளில் முடிக்கப் பார்த்துச் சுருண்டுவிடுகிறார்கள். 16 கி.மீ.யில் உள்ள வேகா தெ வால்கார்செயில் முதல் இரவு தங்கி, மறுநாள் காலைக் குளிர்ச்சியில் மீதி 12 கி.மீ. ஏறுங்கள். இரண்டு நாள் போனாலும் கால் முழுதாக இருக்கும். பிறகு திரியாகாஸ்தெலா, சாரியா, போர்த்தோமரீன், பலாஸ் தெ ரெய், அர்சுவா, ஓ பெத்ரூசோ, சாந்தியாகோ. மொத்தம் 9 நாள். மேலே போட்ட 14 நாள் லீவுக் கணக்குக்கு என் விடை இதுதான். போன்ஃபெராதா வரை ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தால் அங்கிருந்து வில்லாஃப்ராங்கா 24 கி.மீ.தான், டாக்சிக்கும் கட்டுப்படியாகும்.

மூன்றாவது, முதல் இரவுக்குப் படுக்கை. சாரியாவில் இது பெரிய விஷயம். சான்றிதழுக்கான 100 கி.மீ.யைச் சற்றே தாண்டிய ஊர் என்பதால் வேறெந்த ஊரையும்விட அதிகம் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2024-இல் சான்றிதழ் வாங்கியவர்களே கிட்டத்தட்ட 5 லட்சம். சாரியாவும் சாந்தியாகோவும் இருக்கும் கலீசியா வட்டார அரசின் விடுதிகளில் முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கே இடம். தனியார் விடுதிகளில் பதிவு செய்யலாம். சாரியாவில் தொடங்கும் புதியவர்கள் போர்த்தோமரீன் வரையிலாவது பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

சாரியாவில் தொடங்குவது 'உண்மையான' யாத்திரை இல்லை என்று சொல்பவர்கள் வழியில் கண்டிப்பாக எதிர்ப்படுவார்கள். ஐந்து வார லீவு உள்ளவர்களின் கருத்து அது.

6. ஐந்தாறு நாள்தான் என்றால் வேறு பாதைகளையும் பாருங்கள்

சாரியா கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை, போர்ச்சுகலிலிருந்து வரும் பாதையில், எல்லையில் மின்யோ ஆற்றங்கரையில் உள்ள துய். சுமார் 118 கி.மீ. ஓ பொரீன்யோ, ரெதோந்தெலா, பொந்தெவேத்ரா, கல்தாஸ் தெ ரெய்ஸ், பத்ரோன் என்று ஆறு கட்டம், எதுவும் 25-ஐத் தாண்டாது. பெரிய மலை இல்லை. முதல்முறை நடப்பவருக்கு இதைவிட இதமான ஆறு நாள் எனக்குத் தெரியவில்லை. 11 முதல் 13 நாள் இருந்தால் அதே பாதையில் போர்ச்சுகலின் போர்த்தோ நகரிலிருந்தே தொடங்கலாம். உள்நாட்டு வழி சுமார் 240 கி.மீ., கடலோர வழி அதைவிட நீளம். போர்த்தோவுக்கு விமானம் இருப்பதால் ஒரு பயண நாள் மிச்சமாகவும் வாய்ப்புண்டு. எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். விடுதி மூடும் நேரத்தில் இதை மறக்காதீர்கள்.

வடக்குக் கடற்கரையிலிருந்து வரும் ஆங்கிலேயர் பாதையில் ஃபெரோலில் தொடங்கினால் 115 கி.மீ.க்குச் சற்று மேல். கூட்டம் குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம். அதே பாதையின் இன்னொரு கிளை ஆ கொருன்யாவில் தொடங்குகிறது. அது சுமார் 75 கி.மீ.தான். அங்கிருந்து மட்டும் நடந்தால் 100 கி.மீ. கணக்கு நிறையாது. விமானத்துக்கு வசதி என்று அங்கே இறங்கி நடந்துவிட்டு, யாத்ரிகர் அலுவலகத்தில் போய்த் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

ஓவியேதோவிலிருந்து வரும் ஆதிப்பாதை 320 கி.மீ., இரண்டு வாரம், மலை அதிகம். முதல்முறை செல்பவருக்கு நான் சொல்லமாட்டேன். அதே பாதையில் லூகோவிலிருந்து நடப்பது நல்ல ஐந்து நாள், ஆனால் தூரம் 100-ஐ ஒட்டியே நிற்கிறது. பழைய நகரின் நடுவிலிருந்தே நடங்கள், முதல் முத்திரையும் அங்கேயே வாங்குங்கள்.

7. மாதம் உங்கள் விடையை மாற்றுமா என்று பாருங்கள்

சென்-ஜானிலிருந்து போகும் நெப்போலியன் மலைவழி நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடியிருக்கும். அப்போது பள்ளத்தாக்கில் போகும் வால்கார்லோஸ் வழிதான். குளிர்காலத்தில் பல விடுதிகளும் மூடுவதால் கட்டங்களை நினைத்தபடி வெட்ட முடியாது. விடுதி திறந்திருக்கும் ஊர் வரை நடந்தே ஆக வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் புர்கோஸுக்கும் லியோனுக்கும் இடைப்பட்ட சமவெளியைத் தவிருங்கள். அங்குள்ள கரியோன் ஊரைத் தாண்டி 17 கி.மீ.க்கு ஊரே கிடையாது, நிழலும் அரிது. ஜூலை 25 புனித யாக்கோபு திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு, கூட்டம் மிகப் பெருகும். அடுத்தது 2027. அந்த ஆண்டு போகிறவர்கள் சாரியாவைத் தவிர வேறெந்த ஊரிலிருந்தும் தொடங்கலாம் என்பது என் கட்சி. அப்போதும் கடைசி 100 கி.மீ. கூட்டம் உங்களுக்கும் உண்டு, ஆனால் அதற்குள் கால் பழகியிருக்கும், இடம் இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரை நடக்க முடியும்.

8. இப்போதுதான் டிக்கெட்

வரிசை முக்கியம். முதலில் திரும்பும் விமானம், பிறகு போகும் விமானம், பிறகு முதல் இரண்டு இரவுத் தங்கல், பிறகு புறப்படும் ஊருக்கான ரயில் அல்லது பஸ். கணக்கே கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டது என்பதால் திரும்பும் நாளை முதலில் கட்டிவிட வேண்டும்.

எல்லா இரவுக்கும் முன்கூட்டியே பதிவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் முழங்கால் வலித்தாலும் பதிவு இழுத்துக்கொண்டு போகும். கூட்டம் மிகுந்த மாதம், கடைசி 100 கி.மீ. என்றால் ஒழிய, இரண்டு இரவுக்கு மேல் முன்பதிவு வேண்டாம். அதற்குப் பிறகு முந்தின நாள் மாலை ஒரு போன் போதும்.

யாத்ரிகர் அட்டையைத் தொடங்கும் ஊரில் வாங்கலாம், சில யூரோதான். மாலை வெகுநேரம் கழித்துப் போய்ச் சேர்ந்து விடிகாலையில் கிளம்புவதாக இருந்தால் மட்டும், அட்டை எங்கே எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று தங்குமிடத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாமல் நடந்த முதல் கட்டத்தைப் பிறகு சரிசெய்ய முடியாது.

9. கணக்கு தப்பினால் எங்கே வெட்டுவது

நான்காம் நாள் இரவு உட்கார்ந்து மறுபடி கழித்துப் பாருங்கள். பின்தங்கியிருந்தால் அப்போதே பஸ் ஏறுங்கள். சாரியா தாண்டிய பிறகு ஏறினால் சான்றிதழ் போய்விடும். அதற்கு முன் எங்கே ஏறினாலும் அதைப் பாதிக்காது. லியோனில் தொடங்கியவர்கள் முதலில் வெட்ட வேண்டியது நகரை விட்டு வெளியேறும் நெடுஞ்சாலையோர நடை. அங்கே பஸ் ஏறுவதில் யாருக்கும் எதுவும் குறையாது.

முன்தள்ளியிருந்தால், அதாவது ஒரு நாள் மிஞ்சினால், சாந்தியாகோவிலிருந்து ஃபினிஸ்தெர்ரே கடல்முனைக்குப் பஸ்ஸில் போய் வரலாம். நடந்தால் 90 கி.மீ., மூன்று நான்கு நாள். அதற்கு நாள் இருக்கும் என்று தொடக்கத்திலேயே தெரிந்தால், 1-ஆம் படியில் அந்த நான்கையும் கழித்துவிட்டுக் கணக்கை ஆரம்பியுங்கள்.